எதிலிருந்து, எதுவரை? மும்மைத் தொகையீட்டில் எல்லை காணும் கேள்வி

இசட் = எக்ஸ்² + ஒய்² என்ற பரவளையக் கிண்ணம் ஒன்று. இசட் = 4 என்ற தளம் அதன் வாயை மூடுகிறது. உள்ளே எவ்வளவு கொள்ளும்? பொறியியல் முதலாண்டு வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு விடைகள் வரும்: 8 பை, 16 பை. இரண்டாவது விடையை எழுதியவர் தொகையிடுவதில் ஒரு பிழையும் செய்திருக்க மாட்டார். உயரம் 0 முதல் 4 வரை, ஆரம் 0 முதல் 2 வரை, கோணம் 0 முதல் 2 பை வரை என்று மூன்று எல்லைகளையும் வெறும் எண்களாகப் போட்டிருப்பார். அப்படிப் போட்டால் கிடைப்பது அதே உயரமும் அதே வாயகலமும் உள்ள உருளை. கிண்ணத்தின் கொள்ளளவு அதில் சரிபாதி. உயரத்தின் கீழ் எல்லை 0 அன்று, ஆரத்தின் வர்க்கம். பிழை அந்த ஓர் இடத்தில்தான்.

புதுவைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளிலும், தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகளிலும், கணித இளநிலை வகுப்புகளிலும் இந்தப் பாடம் ஆண்டுதோறும் நடக்கிறது. மாணவர்கள் ‘லிமிட் போடுவது’ என்று அஞ்சும் பகுதி இது. இரண்டு தலைமுறை மாணவர்கள் படித்த நாராயணன், மாணிக்கவாசகம் பிள்ளை இருவரின் நுண்கணித நூலிலும் சரி, வட இந்தியாவிலிருந்து வந்து பரவிய கிரேவாலின் பொறியியல் கணித நூலிலும் சரி, தீர்த்துக் காட்டிய கணக்குகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் எல்லைகள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி ஓரிரு வரிகளில் கடந்துபோகிறது. படம் போட்டுப் பார், புரியும் என்பார்கள். படம் போட வராதவருக்கு அந்த அறிவுரையால் பயன் குறைவு.

எல்லை காண்பது தொகையிடலுக்கு முந்தைய ஒரு சடங்கன்று, தனக்கென்று முறையும் வரலாறும் உள்ள தனிக் கேள்வி என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு பொருளைப் பற்றி நமக்குத் தெரிந்தவை எல்லாம் எல்லைகளில்தான் பதிகின்றன. அதன் பிறகு வருவது கணக்குப் போடும் உழைப்பு.

புல்வாருக்குள் ஒரு நடை

முதலில் இரண்டு பரிமாணத்தில் பார்ப்போம். அதற்குப் புதுச்சேரி நகர வரைபடத்தைவிட நல்ல பாடப்படம் கிடைப்பது அரிது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஊரைக் கைப்பற்றி வைத்திருந்த டச்சுக்காரர்கள் கட்டம் கட்டமாக வீதிகளை வகுத்தார்கள். 1761இல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தள்ளினர். 1765க்குப் பின் பிரெஞ்சுக்காரர்கள் பழைய கட்டத்தின் மேலேயே திரும்பக் கட்டினார்கள். ஒரு தொகுதி வீதிகள் கிழக்கு மேற்காகவும் மற்றொரு தொகுதி வடக்கு தெற்காகவும் ஓடுகின்றன. சுற்றிலும் புல்வார் என்னும் சுற்றுச்சாலை: வடக்கே சர்தார் வல்லபாய் படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை. கிழக்கே கடற்கரைச் சாலை ஏறக்குறைய நேராகக் கடலை ஒட்டிச் செல்கிறது. வீதிகள் நேர்கோடுகள், எல்லை மட்டும் வளைவு.

நேரு வீதியைப் போன்ற கிழக்கு மேற்கு வீதி ஒன்றில் கடற்கரையிலிருந்து மேற்கே நடந்தால் நடை புல்வாரில் முடியும். ஊரின் நடுவே உள்ள வீதிகள் நீளமானவை. வடகோடிக்கோ தென்கோடிக்கோ போனால் புல்வார் உள்வாங்குவதால் வீதி குறுகும். ஆக, நடையின் முடிவிடம் எந்த வீதி என்பதைப் பொறுத்தது. அதுதான் உள் தொகையீட்டின் எல்லை. எத்தனை வீதிகள், வடகோடி எது, தென்கோடி எது என்பவை ஊருக்கே பொதுவான இரண்டு எண்கள்; அவை வெளித் தொகையீட்டின் எல்லைகள். உள்ளே இருப்பது வெளியே உள்ளதைச் சார்ந்திருக்கலாம். வெளியே இருப்பது உள்ளே உள்ளதைச் சார்ந்திருக்கக் கூடாது. பாடம் முழுவதற்கும் அடிப்படை விதி இதுவே.

இப்போது வடக்கு தெற்காக, மகாத்மா காந்தி வீதி வழியே நடப்போம். ஊர் அதேதான், ஆனால் நடையின் இரு முனைகளும் வேறு. முன்பு ஒரு முனை கடற்கரைச் சாலை, மறுமுனை புல்வாரின் மேற்கு வளைவு. இப்போது ஒரு முனை வட புல்வார், மறுமுனை தென் புல்வார். தொகையிடும் வரிசையை மாற்றும்போது பழைய எல்லைகளை இடம் மாற்றிப் போட்டால் போதாது, ஊரைப் புதிதாக அளந்தாக வேண்டும் என்பது இங்கே கண்ணுக்கே தெரிகிறது.

நகரை விட்டு வெளியே வந்தால் சிக்கல் கூடுகிறது. புதுச்சேரி மாவட்டம் ஒரே துண்டாக இல்லை. தமிழ்நாட்டுக் கிராமங்கள் இடையிடையே புகுந்து அதைப் பல துண்டுகளாக வெட்டுகின்றன. பாகூர்ப் பக்கம் வரைபடத்தில் ஒரு நேர்கோடு இழுத்தால் அது ஒன்றியப் பகுதிக்குள் நுழைந்து, வெளியேறி, மறுபடி நுழையக்கூடும். அப்போது ‘இதிலிருந்து இதுவரை’ என்று ஒரே சோடி எல்லை எழுத முடியாது. பகுதியைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை எழுதிக் கூட்டுவதுதான் வழி. காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றையும் சேர்த்துப் பரப்பளவு கணக்கிடுவோர் இயல்பாகச் செய்வதும் அதுதான்.

மூன்றாவது பரிமாணம் வரும்போது

மூன்று மாறிகளுக்கு ஆறு வரிசைகள் உண்டு. எதைத் தேர்ந்தாலும் செய்ய வேண்டிய வேலை மூன்று படிகளில் அடங்கும். முதலில் உள் மாறியின் திசையில் பொருளை ஒரு கோட்டால் குத்த வேண்டும். கோடு எந்தப் பரப்பில் நுழைகிறதோ அது கீழ் எல்லை, எந்தப் பரப்பில் வெளிவருகிறதோ அது மேல் எல்லை. இரண்டாவதாக, அந்தத் திசையில் ஒளி விழுந்தால் பொருளின் நிழல் மற்ற இரு மாறிகளின் தளத்தில் எங்கே விழும் என்று காண வேண்டும். மூன்றாவதாக, அந்த நிழலைப் புதுச்சேரி வரைபடத்தைப் போல இரண்டு பரிமாணத்தில் கையாள வேண்டும்.

மாணவர் திணறுவது பெரும்பாலும் நிழலில். படமே இல்லாமல் அதைக் காண ஒரு வழி இருக்கிறது: கீழ் எல்லை மேல் எல்லையைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையை எழுதினால் போதும், அதுவே நிழல். எக்ஸ், ஒய், இசட் மூன்றும் குறையெண் ஆகாமல் எக்ஸ் + ஒய் + இசட் ≤ 1 ஆக இருக்கும் நான்முகியை எடுத்துக்கொள்வோம். இசட்டின் எல்லை 0 முதல் 1 − எக்ஸ் − ஒய் வரை. கீழ் எல்லை மேல் எல்லையைத் தாண்டக் கூடாது என்றால் 0 ≤ 1 − எக்ஸ் − ஒய். அதாவது ஒய்யின் எல்லை 0 முதல் 1 − எக்ஸ் வரை. திரும்பவும் அதே நிபந்தனை: 0 ≤ 1 − எக்ஸ், எனவே எக்ஸ் 0 முதல் 1 வரை. கன அளவு 1/6. முதலில் சொன்ன கிண்ணத்தில் எக்ஸ்² + ஒய்² ≤ 4 என்று ஒரே அடியில் நிழல் கிடைக்கிறது: 2 ஆரமுள்ள வட்டம். மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கி அசமன்பாடுகளைத் தீர்க்கும் இந்த முறையை நேரியல் அசமன்பாடுகளுக்கு 1820களில் எழுதிவைத்தவர் ஜோசஃப் ஃபூரியே. பின்னர் மோட்ஸ்கின் அதை மறுபடி கண்டதால் இன்று இருவர் பெயராலும் வழங்குகிறது. தொகைக் குறியின் காலிலும் தலையிலும் எல்லைகளை எழுதும் வழக்கத்தை 1822இல் வெளிவந்த வெப்பக் கோட்பாட்டு நூல் வழியே நிலைபெறச் செய்தவரும் அதே ஃபூரியேதான். அதற்கு முன் ‘இதிலிருந்து இதுவரை எடுத்துக்கொள்க’ என்று கணிதர்கள் வாக்கியமாகவே எழுதிவந்தனர்.

ஒரே மாறிக்கு இரண்டு மேல் எல்லைகள் போட்டியிடும்போது சிறியதைக் கொள்ள வேண்டும். இரண்டு கீழ் எல்லைகள் என்றால் பெரியதை. எது சிறியது என்பது இடத்துக்கு இடம் மாறினால் பொருளை அந்த இடத்தில் வெட்டியே ஆக வேண்டும். ‘அ’ ஆரமுள்ள கோளத்துக்குள், மையத்தில் முனை வைத்து 45 பாகை சாய்வோடு மேல் நோக்கி விரியும் கூம்பை எண்ணிக்கொள்ளுங்கள். உயரத்தை உள் மாறியாகக் கொண்டால் கோடு கூம்பில் நுழைந்து கோளத்தில் வெளிவருகிறது. எல்லை எங்கும் ஒன்றே, வெட்டு தேவையில்லை. உயரத்தை வெளி மாறியாக்கினால் அடியில் ஆரத்தைக் கட்டுப்படுத்துவது கூம்பு, உச்சியில் கோளம். இரண்டும் சந்திக்கும் உயரமான அ/√2இல் தொகையீடு இரண்டாக உடைகிறது. கோள ஆயத்தொலைகளுக்கு மாறினால் மூன்று எல்லைகளும் எண்களாகிவிடும். விடை பை அ³ (2 − √2) / 3. பொருள் மாறவில்லை, விடையும் மாறவில்லை. நாம் நிற்கும் இடம் மாறியதால் உழைப்பு மாறியது.

எந்த ஆயத்தொலை?

வட்டத்தைக் கண்டதும் துருவ ஆயத்தொலைக்குத் தாவுவது பரவலான பழக்கம். அது எப்போதும் நன்மை தராது. எக்ஸ்² + ஒய்² = அ², எக்ஸ்² + இசட்² = அ² என்ற இரண்டு உருளைகள் செங்குத்தாக ஊடுருவும் இடத்தின் கன அளவு இளநிலை வகுப்பின் பழைய கேள்வி. நிழல் வட்டம்தான். துருவ ஆயத்தொலையில் இறங்கினால் சைன், கொசைன் கலந்த பின்னத்தில் மாட்டிக்கொள்வோம். மாறாக எக்ஸை வெளியே வைத்தால் ஒய், இசட் இரண்டும் −√(அ² − எக்ஸ்²) முதல் +√(அ² − எக்ஸ்²) வரை. ஒவ்வொரு வெட்டு முகமும் சதுரம். அதன் பரப்பு 4(அ² − எக்ஸ்²). ஒரே வரியில் 16அ³/3 வந்துவிடும். இரண்டு உருளைகளுக்கும் பொதுவான மாறி எக்ஸ், எனவே அது வெளியே நிற்க வேண்டும். வட்டம் இருக்கிறதா என்பதைவிட எந்த மாறி எல்லாப் பரப்புகளிலும் வருகிறது என்று கேட்பது பயனுள்ளது. பையே இல்லாத இந்த விடையை ஆர்க்கிமிடீஸ் அறிந்திருந்தார். அவர் அதைக் குறிப்பிடும் நூல், மேலெழுத்துப் படிந்த தோல் சுவடியாக 1906இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஹைபெர்க் கண்ணில் பட்டது.

ஆயத்தொலை மாறும்போது எல்லைகளோடு சேர்ந்து சின்னஞ்சிறு கன அளவும் மாறுகிறது. உருளை முறையில் ஆரம் ஒரு காரணியாகச் சேரும்; கோள முறையில் மையத்திலிருந்து அளக்கும் தொலைவான ரோவின் வர்க்கமும், உச்சியிலிருந்து அளக்கும் கோணத்தின் சைனும் சேரும். இந்தக் காரணியை மறப்பது இரண்டாவது பெரிய பிழை. மூன்றாவது பிழைக்கு மாணவர் பொறுப்பில்லை: உச்சியிலிருந்து அளக்கும் கோணத்தை இயற்பியல் நூல்கள் தீட்டா என்றும், கணித நூல்கள் பலவும் ஃபை என்றும் எழுதுகின்றன. ஒரே பருவத்தில் இரண்டு பாடமும் படிப்பவர் 0 முதல் பை வரை ஓட வேண்டிய கோணத்தை 2 பை வரை ஓட்டிவிடுகிறார். எந்தக் கோணம் எங்கிருந்து அளக்கப்படுகிறது என்று முதல் வரியிலேயே எழுதிவிடும் பழக்கம் இதற்கு மருந்து.

வரிசையை எப்போது மாற்றலாம்?

சில கணக்குகளில் வரிசையை மாற்றாமல் நகரவே முடியாது. ஒய் எக்ஸிலிருந்து 1 வரையும் எக்ஸ் 0 முதல் 1 வரையும் ஓட, சைன்(ஒய்²) என்ற சார்பைத் தொகையிட வேண்டும் என்று வைப்போம். உள் தொகையீட்டுக்கு வழக்கமான சார்புகளில் விடை இல்லை. முக்கோணப் பகுதியை மறுபக்கமிருந்து பார்த்து, எக்ஸ் 0 முதல் ஒய் வரை, ஒய் 0 முதல் 1 வரை என்று எழுதினால் விடை (1 − கொசைன் 1)/2 என்று எளிதாக வருகிறது.

ஆனால் வரிசை மாற்றம் இலவச உரிமை இல்லை. (எக்ஸ்² − ஒய்²) / (எக்ஸ்² + ஒய்²)² என்ற சார்பை 0 முதல் 1 வரையுள்ள சதுரத்தில் தொகையிட்டால், ஒய்யை முதலில் எடுத்தால் பை/4. எக்ஸை முதலில் எடுத்தால் −பை/4. எல்லைகள் இருமுறையும் ஒன்றே. மூலையில் சார்பு எல்லையின்றிப் பெருகுவதுதான் கேடு. சார்பு முடிவிலியாகும் இடங்களில் வரிசையை மாற்றினால் விடை மாறும் என்பதைக் கோஷி 1814இலேயே கவனித்தார். எப்போது மாற்றலாம் என்பதற்குத் தெளிவான விடை 1907இல் குயிடோ ஃபூபினி தந்த தேற்றத்தோடு வந்தது. சார்பு எங்கும் குறையெண் ஆகாவிட்டால் அச்சமின்றி மாற்றலாம் என்று இரண்டாண்டு கழித்து டொனெல்லி காட்டினார். கன அளவு, நிறை போன்ற கணக்குகளில் மாணவர் கவலையின்றி வரிசை மாற்ற முடிவது டொனெல்லியின் தயவால்.

புவியின் வடிவமும் இமயத்தின் எடையும்

இரட்டைத் தொகையீட்டை எல்லைகளோடு முறைப்படி ஆராய்ந்தவர் ஆய்லர், ஆண்டு 1769. மும்மைத் தொகையீட்டைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர் லக்ராஞ்சு. 1773இல் பெர்லினில் இருந்தபடி நீள்வட்டத் திண்மங்களின் ஈர்ப்பைக் கணக்கிட முனைந்தபோது, செவ்வக ஆயத்தொலைகளின் எல்லைகள் வர்க்கமூலங்களால் கனத்துப்போவதைக் கண்டு, ஓர் ஆரம் இரு கோணங்கள் என்ற அமைப்புக்கு மாறினார். துருவங்களில் தட்டையான புவி தன் மேலுள்ள பொருளை எப்படி ஈர்க்கும் என்பது அக்காலத்தின் பெரிய கேள்வி. எல்லையை எளிதாக்கவே ஆயத்தொலை மாற்றம் வந்தது என்பதை நம் பாடநூல்கள் சொல்ல மறக்கின்றன. அந்த மாற்றத்தின் பொது விதியை 1830களில் ஒஸ்ட்ரோகிராட்ஸ்கியும் 1841இல் யாகோபியும் தெளிவாக்கினர்.

புவியின் வடிவும் ஈர்ப்பும் பற்றிய அந்தக் கேள்விக்கு இந்தியாவிலும் ஒரு பெரிய அத்தியாயம் உண்டு. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னையில் தொடங்கிய நில அளவை, புவியின் வளைவை அளக்கும் முயற்சியாகவும் இருந்தது.

லாம்டனுக்குப் பின் எவரெஸ்ட் அளவையை வடக்கே கொண்டுபோனார். கலியானா, கலியான்பூர் என்ற இரு அளவை நிலையங்களுக்கு இடையே உள்ள அட்சரேகை வேறுபாட்டை முக்கோண அளவையால் கண்டதும் விண்மீன்களால் கண்டதும் 5.236 வில்விநாடி வேறுபட்டன. இமயம் தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்கலாம். எவ்வளவு இழுக்கும் என்று 1855இல் கணக்கிட்டவர் கல்கத்தாவின் ஆர்ச்டீக்கன் ஜான் ஹென்றி பிராட். அது மும்மைத் தொகையீடேதான். ஈர்ப்பின் வாய்பாடு நியூட்டன் காலத்திலிருந்தே தெரியும்; சிரமம் முழுவதும் எல்லைகளில். மலைத்தொடருக்குச் சமன்பாடு கிடையாது. எனவே நிலையத்தைச் சுற்றி வளையங்களும் ஆரைக் கோடுகளும் வரைந்து நிலப்பரப்பைக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றின் சராசரி உயரத்தையும் மேல் எல்லையாகக் கொண்டு கூட்டினார். விடை 15.885 வில்விநாடி. கண்ட வேறுபாட்டைப் போல மூன்று மடங்கு!

தொகையிடலில் பிழை இல்லையென்றால் வேறெங்கே? மலை கடல் மட்டத்தில் முடிந்துவிடுகிறது என்ற எண்ணத்தில்தான் என்றார் ஜார்ஜ் ஏரி, அதே ஆண்டில். மலையின் கனம் தாங்கும்படி அதன் வேர், அடர்த்தி மிக்க அடுக்குக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது. வேரின் அடர்த்தி சுற்றியுள்ளதைவிடக் குறைவு. மேலே மலை இழுப்பதில் பெரும்பகுதியைக் கீழே வேரின் குறைவு ஈடுகட்டிவிடுகிறது. கணக்கின் மொழியில் சொன்னால், கீழ் எல்லையைக் கடல் மட்டத்தில் நிறுத்தியது தவறு. பிராட் 1859இல் வேறு விளக்கம் சொன்னார்: ஈடுகட்டும் ஆழம் எங்கும் ஒன்றே, மலைக்கடியில் அடர்த்திதான் குறைவு. ஏரியிடம் அடர்த்தி மாறிலி, எல்லை மாறுகிறது. பிராட்டிடம் எல்லை மாறிலி, அடர்த்தி மாறுகிறது. புவியோட்டின் சமநிலைக் கோட்பாடு இந்த இருவரின் விவாதத்தில் முளைத்தது. எல்லையைத் தவறாக வைத்ததால் வந்த மூன்று மடங்கு வேறுபாடு, நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்தது.

ஊசுட்டேரியில் எவ்வளவு தண்ணீர்?

சமன்பாடு இல்லாத பொருளுக்கு இமயம்வரை போக வேண்டியதில்லை. புதுச்சேரியின் மிகப்பெரிய ஏரியான ஊசுட்டேரியின் ஒரு பகுதி ஒன்றியப் பகுதியிலும் மறுபகுதி விழுப்புரம் மாவட்டத்திலும் கிடக்கிறது. அதன் கொள்ளளவும் மும்மைத் தொகையீடுதான். மேல் எல்லை முழுக்கொள்ளளவு மட்டம், ஓர் எண். கீழ் எல்லை ஏரியின் தரை, இடத்துக்கு இடம் மாறும். நிழலின் விளிம்பு தண்ணீர் தரையைத் தொடும் கரைக்கோடு, அதாவது கீழ் எல்லையும் மேல் எல்லையும் சமமாகும் இடம். நான்முகியில் அசமன்பாட்டால் கண்ட அதே விதியைத் தண்ணீர் தானாகவே வரைந்து காட்டுகிறது.

பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் இதை வேறு வரிசையில் செய்வார்கள். உயரத்தை வெளி மாறியாக்கி, ஒவ்வொரு மட்டத்திலும் சமஉயரக் கோட்டுக்குள் அடங்கும் பரப்பை அளந்து, அடுத்தடுத்த இரு பரப்புகளின் சராசரியை இடைவெளியால் பெருக்கிக் கூட்டுவார்கள். அப்படிக் கிடைக்கும் அட்டவணை, மட்டத்தைச் சொன்னால் கொள்ளளவைச் சொல்லும். நடுவில் திட்டு இருந்தால் நீர் வற்றும்போது ஒரு மட்டத்துக்குக் கீழே சமஉயரக் கோடு இரண்டாகப் பிரியும். பரப்பையும் இரண்டாகக் கூட்ட வேண்டும்.

இங்கே எல்லை எது என்பது கேள்வியைப் பொறுத்தது. மொத்த நீர் எவ்வளவு என்றால் தரையிலிருந்து தொடங்க வேண்டும். பாசனத்துக்கு எவ்வளவு வரும் என்றால் மதகின் அடிமட்டத்திலிருந்து. அதற்குக் கீழே நிற்கும் நீர் மீனுக்கும் பறவைக்கும் நிலத்தடி ஊற்றுக்கும் உதவும், மதகு வழியே வயலுக்கு வராது. வண்டல் படிந்தால் கீழ் எல்லை மேலே ஏறும், தூர்வாரினால் இறங்கும். பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு ஏரி நிரம்பிவிட்டது என்று சொன்னால், முன்பிருந்த தரையை இன்னும் எல்லையாகக் கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

எல்லையைத் தவிர்க்க முடியுமா?

எல்லை காண்பது இத்தனை கடினம் என்றால் அதைச் சுற்றிப் போக வழி உண்டா என்று கணிதர்கள் பலமுறை யோசித்திருக்கிறார்கள். டிரிஷ்லே 1839இல் ஓர் உத்தி செய்தார்: பொருளுக்குள் 1, வெளியே 0 என்று மதிப்புக் கொள்ளும் காரணியால் சார்பைப் பெருக்கிவிட்டால் எல்லைகளை வெளி முழுவதற்கும் விரித்துவிடலாம். நம் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் காமாச் சார்போடு வரும் டிரிஷ்லே தொகையீட்டால் நான்முகிக் கணக்குகளுக்கு ஒரே வாய்பாட்டில் விடை கிடைக்கிறது. காஸ், கிரீன், ஒஸ்ட்ரோகிராட்ஸ்கி வழி வந்த விரிதல் தேற்றம் உள்ளிருப்பதை விட்டுப் பரப்பின் மேல் மட்டும் கணக்கிடச் செய்கிறது.

கணினி வந்தபின் 1949இல் மெட்ரோபோலிஸும் உலாமும் கட்டுரையாக வெளியிட்ட மான்டே கார்லோ முறைக்கு எல்லையே தேவையில்லை. ஒரு பெட்டிக்குள் தற்செயலாகப் புள்ளிகளைத் தூவி, எத்தனை பொருளுக்குள் விழுந்தன என்று எண்ணினால் போதும். விலை துல்லியத்தில்: ஒரு தசம இடம் கூடுதலாக வேண்டுமென்றால் நூறு மடங்கு புள்ளிகள் வேண்டும். பல்லுறுப்புக் கோவைகளால் அமைந்த எந்தப் பொருளுக்கும் எல்லைகளைத் தானே எழுதித் தரும் இயந்திர முறையை 1975இல் ஜார்ஜ் காலின்ஸ் வகுத்தார். மாறி மாறியாக நிழல் எடுத்து இறங்குவதே அதன் சாரம். மாறிகள் கூடக் கூட வேலை அசுர வேகத்தில் பெருகுவது அதன் குறை. ஒன்று கவனிக்கத் தக்கது: தூவும் முறைக்கும் ‘இந்தப் புள்ளி உள்ளேயா வெளியேயா’ என்ற சோதனை வேண்டும். அந்தச் சோதனைதான் வேறு உடையில் நிற்கும் எல்லை.

வகுப்பறைக்கு

இவ்வளவையும் பார்த்தபின் பாடம் நடக்கும் முறையைப் பற்றிச் சில சொல்லத் தோன்றுகிறது. பயிற்சிக் கணக்குகளிலும் தேர்வுகளிலும் மும்மைத் தொகையீடு பெரும்பாலும் எல்லைகளோடு அச்சிட்டே வருகிறது. மாணவர் மூன்று முறை தொகையிட்டு விடை எழுதுகிறார். அது ஒரு மாறித் தொகையிடலில் பயிற்சி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. எல்லைகளை அச்சிட்டுக் கொடுத்துவிட்டால் பாடத்தின் உயிர்நாடியை ஆசிரியரே செய்து முடித்துவிடுகிறார்.

மாற்றாக, பொருளை மட்டும் சொல்லி ‘எல்லைகளை எழுதுக, தொகையிட வேண்டாம்’ என்று கேட்கலாம். ஒரே பொருளுக்கு இரண்டு வரிசைகளில் எழுதச் சொல்லலாம். இரண்டும் ஒரே பொருளைச் சொல்கின்றனவா என்று மாணவரே சரிபார்த்துக்கொள்வார். எழுதப்பட்ட எல்லைகளைக் கொடுத்து, இது எந்தப் பொருள் என்று கேட்கலாம். தலைகீழான இந்தக் கேள்வியில்தான் உண்மையான பிடிப்பு தெரியும். வெளி எல்லையில் மாறி ஒன்று தங்கிவிட்டதா, உள் எல்லையில் தொகையிடப்படும் மாறியே வந்துவிட்டதா, பொருளைச் சுற்றி வரைந்த பெட்டியைவிட விடை பெரிதாக இருக்கிறதா என்ற மூன்று சோதனைகளும் ஒரு நிமிடத்தில் முடியும். பிழைகளில் பெரும்பங்கை அவையே பிடித்துவிடும். ஜியோஜீப்ரா போன்ற இலவச மென்பொருளில் பரப்புகளைச் சுழற்றிப் பார்க்கலாம் என்பதால் படம் போட வராது என்ற சாக்கும் பழையதாகிவிட்டது.

தொகையிடும் வேலையை இன்று கணினி நொடியில் செய்துவிடும். எதிலிருந்து எதுவரை என்பதை அதற்குச் சொல்ல வேண்டியவர் நாம். பிராட்டின் கணக்கில் எண்ணும் வேலை அத்தனையும் சரி. கடல் மட்டத்தில் கோடு போட்ட ஒரே முடிவு விடையை மூன்று மடங்காக்கியது. தேர்வில் எல்லைக்கு ஒதுக்கும் மதிப்பெண் அந்த முடிவின் கனத்துக்கு ஈடாக இருக்க வேண்டும்.